வாசலில் நின்றால் குளிரும்

யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்கு ஒரு பழக்கம். பிள்ளையை ஒரு வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை வாசலில் காத்து நிற்பது. நெல்லியடிப் பக்கம் பின்னேரத்தில் எந்த ரியூசன் வாசலைப் பார்த்தாலும் மோட்டார்சைக்கிளும் ஸ்கூட்டியும் வரிசையாக நிற்கும். மிருதங்கம், பரதநாட்டியம், கராட்டி, எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான். உள்ளே பிள்ளை பழகும். வெளியே நாங்கள் வேப்பமர நிழலில் நின்று, ஆருடைய பிள்ளைக்கு ஓ.எல்.லில் எத்தனை ஏ என்று விசாரித்துக்கொண்டிருப்போம்.

ஒஸ்லோவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்துபோனது. பிள்ளைகளை ஸ்கீ பழக விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கலாம் என்றுதான் நாங்களும் போனோம். மைனஸ் எட்டுப் பாகையில் சும்மா நிற்கிறவருக்குக் கொஞ்ச நேரத்தில் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த நேரம் பார்த்து, பனியில் ஓடித் திரிகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்துத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டில் இவரும் நானும் சேர்ந்து பழகினது. ஆசையால் அல்ல, விறைப்புத் தாங்காமல்.

முதலில் ஒரு விசயம். ஸ்கீ என்றதும் ஊரில் எல்லோருக்கும் வருகிற காட்சி தமிழ்ப்படப் பாட்டு: சுவிற்சர்லாந்து மலை, மெல்லிய சேலையோடு கதாநாயகி, குளிரே தெரியாத கதாநாயகன். மலை உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்குகிற அந்த ஸ்கீ நோர்வேயிலும் உண்டு. ஆனால் இங்கே சனங்கள் தங்களுடையது என்று நினைப்பது அதை அல்ல. காட்டுக்குள், மேடும் பள்ளமுமாக, கைத்தடிகளை ஊன்றி ஊன்றி மணிக்கணக்காகப் போவதுதான் இவர்களுடைய ஸ்கீ. சப்பாத்தின் முன்நுனி மட்டும் பலகையில் பூட்டியிருக்கும், குதி எழும்பும். நடைக்கும் சறுக்கலுக்கும் நடுவில் ஒன்று.

இதற்கான தடங்களை இயந்திரம் ஓட்டிப் பனியில் இரட்டைக்கோடாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் மட்டும் 2,500 கிலோமீட்டருக்கும் மேல் தடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மூன்று தரம் போய்த் திரும்புகிற தூரம். ரிக்கெற் இல்லை, வாசல் இல்லை, காவலாளி இல்லை. 1883-இல் தொடங்கின ஒரு ஸ்கீ சங்கம், அங்கத்தவர் சந்தாவிலும் அரச உதவியிலும் இதைப் பராமரிக்கிறது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சில தடங்களில் மின்விளக்கும் போட்டிருக்கிறார்கள். டிசம்பரில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிற ஊரில் அது இல்லாமல் சரிவராது.

எங்களுக்கு இது தொடங்கினது பள்ளிக்கூடக் கடிதத்தால். வியாழக்கிழமை ஸ்கீ நாள். ஸ்கீ, தடி, தலைக்கவசம், மாற்றுக் கையுறை, சூடான குடிபானம், நெருப்பில் சுடுவதற்குச் சொசேஜ் எல்லாம் கொண்டுவரவும். எதற்கும் விளக்கம் இல்லை. கொப்பி பென்சில் கொண்டுவரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக எழுதியிருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இரண்டும் அதுவரை ஸ்னோவைக் கையால் அள்ளி எறிந்ததோடு சரி.

தெரிந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். இங்கே வந்து கனகாலம். "அண்டைக்கு ஒரு நாள் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு வீட்டில வைச்சிரும். உது வெள்ளைக்காரற்ற விளையாட்டு. உந்த நேரத்துக்கு ரெண்டு கணக்குச் செய்யும் பிள்ளை" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. வகுப்பு முழுக்கக் காட்டுக்குப் போகிற நாளில் வீட்டிலிருக்கிற பிள்ளை, அடுத்த நாள் வகுப்பில் எல்லோரும் சிரித்துக் கதைக்கிற கதைக்கு வெளியிலும் இருக்கும். கணக்கு எந்தக் கிழமையும் செய்யலாம்.

ஸ்கீ ஓடத் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வேலை விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறவன் ஸ்கீ தெரியுமா என்று கேட்டுக்கொண்டா ஒதுக்குகிறான்? அது வேறு சண்டை.

எங்களுக்கு வாய்த்த வாத்தியார் இவருடைய பெரியப்பா. காரைநகர் ஆள். இங்கே அவருடைய கதையைச் சொல்லாமல் விட்டால் காரைநகர்ச் சனம் என்னோடு கோபிக்கும்.

நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தொடுப்பு அகதிகளோடு தொடங்கினதல்ல. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956-இலேயே நோர்வேக்கு வந்துவிட்டார். இங்கே மீன்பிடி பழகி, இங்குள்ளவர்களிடம் உதவி திரட்டி, 1960களின் கடைசியில் ஊரில் சீநோர் நிறுவனத்தைத் தொடக்கக் காரணமாக இருந்தார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. கண்ணாடியிழைப் படகு எங்கள் கரைக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நோர்வேக்காரர் எங்கள் கடலுக்கு வந்துபோன அந்தப் பாதையால்தான் எங்கள் பெடியள் அவர்களுடைய பனிக்குப் போனார்கள். எழுபதுகளில் தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிப்போக, 1975-இல் நோர்வே வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை நிறுத்த, மாணவராக வருகிற வழி ஒன்றுதான் திறந்து கிடந்தது. அதிலும் முக்கியமானது 'போல்க்கஹொய்ஸ்கூல' என்கிற மக்கள் உயர்பள்ளி. ஒரு வருடம், தங்கிப் படிப்பு. பரீட்சை இல்லை. புள்ளி இல்லை. யாழ்ப்பாணத்தானுக்கு இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னால் நம்புவானா? பாட்டு, கைவேலை, மலையேறுதல், ஸ்கீ, இவைதான் பாடம்.

பெரியப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி வந்தவர். நோர்வேஜிய மொழியின் இறந்தகாலம் பிடிபட முதலே ஸ்கீ பிடிபட்டது என்பார். பிறகு வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் வேலை. அந்த வேலைக்கு எங்கள் ஆக்கள் நிறையப் பேர் போனார்கள். சின்னச் சின்ன மீன்பிடிக் கிராமங்களில் நோர்வேஜிய மொழிக்கு அடுத்தபடி தமிழ்தான் கேட்குமாம். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. "ஸ்கீ தெரியாதவன் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள்ள இருந்து சீட்டு விளையாடி, ஊரை நினைச்சு அழுவான். தெரிஞ்சவன் வெளிய போய் ரெண்டு மணித்தியாலம் ஓடிப்போட்டு வந்து, பிறகு அழுவான்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

சாமான் வாங்குகிற செலவை நினைத்துத்தான் இவர் தயங்கினார். நாலு பேருக்கும் புதிதாக வாங்கினால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போகும். பெரியப்பா எங்களைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை. 'பூவா' என்று ஓர் ஏற்பாடு நாடு முழுக்க இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல ஸ்கீ, சப்பாத்து, தடி, தலைக்கவசம் எல்லாம் இலவசமாக இரவல் எடுக்கலாம். பேரும் தொலைபேசி இலக்கமும் கொடுத்தால் சரி. அங்கிருந்த பிள்ளை எங்களை மேலும் கீழும் பார்த்து அளவு சொன்னாள்: பெரியவர்களுக்கு ஸ்கீ ஆளை விட ஒரு சாண் உயரம், தடி கமக்கட்டு மட்டத்துக்குக் கொஞ்சம் மேல், சின்னவனுக்குத் தடியே வேண்டாம். தடி கொடுத்தால் பிள்ளை அதிலே தொங்கும், கொடுக்காவிட்டால் கால் தானாகச் சமநிலை தேடும் என்றாள். பிறகு பார்க்கையில் அவள் சொன்னது அச்சொட்டாகச் சரி.

உடுப்பு விசயத்தில் பெரியப்பா கண்டிப்பு. மேலே தெரிகிற பெரிய ஜக்கெற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே என்ன என்றுதான் கேட்டார். பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்ற உடனே உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி ஈரமானாலும் சூடு விடாது. இவர் டெனிம் போட்டுக்கொண்டு வெளிக்கிட, வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

ஞாயிறு காலை நிலக்கீழ் ரயில். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறபடியால் எங்களுக்கு ஞாயிறுதான் தோது. எங்கள் பக்கத்து ஐந்தாம் இலக்க ரயில் நகரத்துக்குள்ளால் போய்ச் சொங்ஸ்வான் ஏரியடியில் முடியும். இறங்கினால் காடு. பெட்டி நிறைய ஸ்கீயோடு சனம். கிழவிகள், தொட்டில் பிள்ளைகள், நாய்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நின்ற எனக்குப் பெரியப்பா ஒரு கதை சொன்னார். 1973 எண்ணெய் நெருக்கடியில் வார இறுதியில் கார் ஓட்டத் தடை. அரசர் ஐந்தாம் ஒலாவ் தன் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு ஹோல்மென்கொல்லன் மலைக்குப் போகிற ரயிலில் ஏறினார். ரிக்கெற்றுக்குக் காசு நீட்டுகிற அந்தப் படம் இங்கே எல்லோருக்கும் தெரியும். "ராசாவே ரயிலில போனவர். உமக்கென்ன வெக்கம்?" என்றார்.

சரி, பழகின கதை.

கட்டையைப் பூட்டி எழும்பி நின்ற உடனேயே தெரிகிறது, இத்தனை வயது வரை நிலத்தை நம்பியே நின்றிருக்கிறோம் என்று. எங்களுடையது மேடு பள்ளமே இல்லாத குடாநாடு. மலை என்று பேர் சொல்ல இருக்கிறது கீரிமலை ஒன்று, அதிலும் மலை கிடையாது. சரிவு என்ற ஒன்றை உடம்பு அறியாது. ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது: மணற்காடு. வடமராட்சி கிழக்கில் வளர்ந்த ஆருக்கும் தெரியும், பாதி மணலுக்குள் புதைந்துபோன பழைய அந்தோனியார் கோயிலும் அதைச் சுற்றின மணல்மேடுகளும். வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்குப் போய்வருகிற வழியில், மணல்மேட்டு உச்சியில் குந்தி, கமுகம் மடலில் சறுக்கி இறங்குவோம். சறுக்குகிற நேரம் பின்பக்கமாகச் சாய்ந்தால் மடல் உன்னை விட்டுவிட்டு ஓடும்; முன்னுக்குச் சாய்ந்தால்தான் கூட வரும். பனியிலும் அதே கதைதான். பயந்தவன் பின்னுக்குச் சாய்வான், ஸ்கீ முன்னுக்கு ஓடும், ஆள் குண்டி அடிபட விழுவான். முழங்காலை மடக்கி, பாரத்தை முன்பாதத்துக்குக் கொடுத்தால் நிற்கலாம். சின்ன வயதில் உடம்பு படித்தது எங்கேயோ கிடந்திருக்கிறது. எங்கள் நாலு பேரில் முதலில் சமநிலை பிடித்தது நான்தான் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

இவர் எஞ்சினியர். ஓட முதல் இயங்குவிதம் விளங்க வேண்டும். பெரியப்பா பலகையைக் கவிழ்த்துக் காட்டினார். ஸ்கீ நேராக இல்லை, நடுவில் வில்லாக மேலே வளைந்திருக்கிறது. இரண்டு காலிலும் பாரம் பகிர்ந்து நின்றால் நடுப்பகுதி பனியைத் தொடாது. முன்னும் பின்னும் மட்டும் வழுக்கும். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தால் வில் நிமிர்ந்து நடுப்பகுதி பனியில் அழுந்தும். அந்த இடத்தில்தான் பிடி இருக்கிறது. பழைய ஆக்கள் அங்கே வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு பூசுவார்கள். நீலம், ஊதா, சிவப்பு என்று நிறம் நிறமாக, பாகைக்கு ஒன்று. இன்ன காலைக்கு இன்ன மெழுகு என்பதில் நோர்வேஜியர் எங்கள் சாத்திரிமாரைப் போல ஆளுக்கொரு கணிப்பு வைத்திருப்பார்கள். எங்களுக்கு இரவல் தந்தது மெழுகு தேவையில்லாத வகை. நடுவில் மயிர்ப்பட்டி ஒன்று ஒட்டியிருக்கும், முன்னுக்குப் போக வழிவிடும், பின்னுக்கு வழுக்க விடாது.

இவ்வளவும் விளங்கிக்கொண்டு புறப்பட்ட எஞ்சினியர் வலது கையையும் வலது காலையும் ஒன்றாக வீசினார். நடக்கும்போது எதிர்க்கையும் எதிர்க்காலும் தானாகச் சேர்ந்து போகும், யோசித்தால் குழம்பும். பெரியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். மகன் ஒன்றையும் யோசிக்கவில்லை. விழுந்தான், எழும்பினான், பனியைத் தின்றான், போனான்.

விழுவதைவிட எழும்புவதுதான் கரைச்சல். காலில் இரண்டு நீளப் பலகை பின்னிக் கிடக்கும். மல்லாக்கப் புரண்டு, இரண்டு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிச் சிக்கெடுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, முழங்காலில் நின்று எழும்ப வேண்டும். சேலை கட்டிப் பழகின மனிசிக்கு, நடுக்காட்டில், போகிற வாறவர் முன்னால். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த ஒரு கிழவரும் "ஹெய் ஹெய்" என்றுவிட்டுப் போனார். ரயிலில் பக்கத்தில் இருந்தால் கண்ணை எடுத்துப் பாராத சனம், தடத்தில் கண்டால் மட்டும் ஆளுக்காள் வணக்கம் சொல்லும். அதே சனம் கோபப்பட்டதையும் அங்கேதான் கண்டேன்: ஆரோ ஒரு புது ஆள் சப்பாத்துக்காலோடு தடத்துக்கு மேலே நடந்துபோக, வந்த அம்மா ஒருவர் நின்று பாடம் எடுத்தார். வெட்டின தடத்தைக் காலடி குலைத்துவிடும்.

ஏறுவதற்கு முன்நுனிகளை அகட்டி, குதிகளைக் கிட்ட வைத்து, மீன்முள்ளு மாதிரி அடையாளம் விழ விழ மிதிக்க வேண்டும். இறங்கும்போது வேகம் தணிக்க அதற்கு நேர்மாறு: நுனிகளைச் சேர்த்து, குதிகளை அகட்டி, உள்விளிம்பால் பனியைச் சுரண்டுவது. இதை மாறிச் செய்தால் என்ன நடக்கும் என்பதை இவர் ஒரு சின்ன இறக்கத்தில் செயல்முறையாக விளக்கினார். மகள் பக்கத்தில் வந்து நின்று, தன்னுடைய ரீச்சர் கதைக்கிற அதே குரலில், "அப்பா, கீழ பாக்காதேங்கோ. போற இடத்தைப் பாருங்கோ. முழங்காலை மடக்குங்கோ. இன்னொருக்கா" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எங்கள் வீடுகளில் தகப்பன் சொல்லுவார், பிள்ளை கேட்கும். கணக்குக் கொப்பிக்கு முன்னால் இருக்கும்போது இவருடைய குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் பனிக்குள் குந்திக்கொண்டு பத்து வயதுப் பிள்ளையிடம் "இப்பிடியோ பிள்ளை? சரியோ?" என்று கேட்கிறார். அன்றைக்குப் பிறகு வீட்டுப்பாட நேரத்தில் சத்தம் குறைந்ததா என்று கேட்டால், கொஞ்சம். கொஞ்சம்தான். ஆனால் மகள் அதைக் கவனித்திருக்கிறாள். "அப்பா, நான் உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான், கத்தினனானோ?" என்று ஒரு இரவு கேட்டாள். அதற்கு இவரிடம் பதில் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் யாழ்ப்பாணத்து வலைப்பதிவு முடியாது. நோர்வேக்காரர் காட்டுக்குப் போனால் தோடம்பழமும் 'க்விக் லுன்ஷ்' சொக்கிளேற்றும் கொண்டுபோவார்கள். 1937-இலிருந்து வருகிற சொக்கிளேற். மலைக்குப் போகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை அதன் கடதாசியில் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் பையில் இருந்தது பருத்தித்துறை வடை. உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துத் தட்டிப் பொரித்த அந்தத் தட்டைவடை, கிழமைக்கணக்காக வைத்திருந்தாலும் பழுதாகாது, குளிரில் விறைத்தும் போகாது. பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. பக்கத்து வாங்கில் இருந்த குடும்பத்துக்கும் கொடுத்தோம். அந்த மனிதர் ஒரு வடையைக் கடித்து, கண் கலங்கி, இரண்டாவதுக்குக் கை நீட்டினார்.

இரவு அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் படம் காட்டினேன். கரவெட்டியில் வெய்யில் கொளுத்துகிறதாம். முதலில் கேட்டது, "காலை கையை முறிச்சுக்கொண்டு வந்தா ஆர் பாக்கிறது?" பிறகு மகன் இறக்கத்தில் வருகிற வீடியோவை இரண்டாம் தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரம் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். காய்ச்சல் சொல்லச் சொன்ன அக்கா பிறகு ஒரு நாள் தொலைபேசியில், தன்னுடைய பேரப்பிள்ளைக்கு எத்தனை சென்ரிமீற்றர் ஸ்கீ எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. அளவைச் சொன்னேன்.

புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு: பனி இப்போதெல்லாம் ஒஸ்லோவின் தாழ்வான பகுதிகளில் நிலைத்து நிற்பது குறைந்துகொண்டு வருகிறது, ஆகையால் பெய்த கிழமையே போங்கோ. பெப்ரவரியில் பள்ளிக்கூடப் பனிக்கால விடுமுறை வருகிற நேரம் இரவல் நிலையங்களில் நல்ல அளவுகள் முடிந்துவிடும், முன்னமே எடுத்து வையுங்கோ. பழசு வாங்க விரும்பினால் 'பின்' இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் வளருவதால் எல்லோரும் விற்பார்கள். எங்களிடமே 31 இலக்கச் சப்பாத்து ஒரு சோடி சும்மா கிடக்கிறது. தேவையான ஆக்கள் கீழே எழுதுங்கோ, ஞாயிறு வரும்போது கொண்டுவந்து தருகிறேன். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் வாங்கோ, வடை நான் கொண்டுவருவேன்.